முகம் விலைபோகிறது, சம்மதம் எங்கே?

மகாராஷ்டிரத்தின் ஒரு கிராமத்துப் பெண்ணை அதே ஊர்ப் புகைப்படக்காரர் ஒருவர் படமெடுத்தார். படங்களை விற்கும் ஷட்டர்ஸ்டாக் தளத்தில் அது ஏறியது. அங்கிருந்து மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகம், மகாராஷ்டிரம், கர்நாடகம், தெலங்கானா, ஒடிஷா மாநில அரசுகள், காங்கிரஸ் கட்சி, சில தனியார் நிறுவனங்கள் என்று பலருடைய விளம்பரங்களுக்கும் அது போய்ச் சேர்ந்தது. தன்னிடம் யாரும் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை என்று அந்தப் பெண் பம்பாய் உயர் நீதிமன்றத்தை நாடினார். 2025 மார்ச்சில் இரு நீதிபதிகள் அமர்வு எதிர்த்தரப்பினருக்கு நோட்டீஸ் அனுப்ப உத்தரவிட்டது. மின்னணு ஊடகக் காலத்தில் இது மிகவும் கவலைக்குரிய விவகாரம் என்றும் நீதிபதிகள் குறிப்பிட்டனர்.

இந்த வழக்கின் நடுவில் நிற்பது ஒரே ஒரு தாள். ‘என் உருவத்தை வணிகத்துக்குப் பயன்படுத்தச் சம்மதிக்கிறேன்’ என்று படத்தில் இருப்பவர் கையெழுத்திட்டுத் தரும் தாள். தொழிலில் இருப்பவர்கள் இதை ‘மாடல் ரிலீஸ்’ என்பார்கள். வீடு, கட்டிடம், ஓவியம் போன்றவற்றுக்கு உரிமையாளர் தரும் தாளுக்கு ‘ப்ராப்பர்ட்டி ரிலீஸ்’ என்று பெயர். படங்களை விற்கும் வெளிநாட்டு ஏஜென்சிகள் கேட்கும் வெற்றுச் சடங்கு என்றே நம் ஊரில் பலரும் இதை நினைக்கிறார்கள். உண்மையில், கேமராவுக்கு முன்னால் நிற்கும் சாமானியர் கையில் இருக்கும் ஒரே பிடிமானம் இதுதான். அந்தப் பிடிமானத்தையும் அவருக்குப் புரியாத மொழியில், அவருக்குச் சாதகமில்லாத வாசகத்தில் எழுதி வைத்திருக்கிறோம்.

ஒரு கிளிப், பல வாடிக்கையாளர்கள்

ஸ்டாக் ஃபுட்டேஜ் வியாபாரம் எப்படி நடக்கிறது என்று தெரிந்தால்தான் இந்தத் தாளின் கனம் புரியும். தையல்காரரிடம் அளவு கொடுக்காமல் ரெடிமேட் சட்டை வாங்குவதுபோல, விளம்பர நிறுவனங்களும் ஆவணப்பட இயக்குநர்களும் தயாராக இருக்கும் காட்சித் துண்டுகளைக் காசு கொடுத்து எடுத்துக்கொள்கிறார்கள். ஷட்டர்ஸ்டாக், கெட்டி இமேஜஸ், அடோபி ஸ்டாக், பாண்ட்5 போன்றவை இதன் பெரிய கடைகள். கிளிப் எடுத்தவர் அதைப் பதிவேற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம். விற்கும் ஒவ்வொரு முறையும் அவருக்குப் பங்கு வரும். அடோபி ஸ்டாக் வீடியோவுக்கு 35 சதவீதம் தருகிறது. ஷட்டர்ஸ்டாக்கில் 15இல் தொடங்கி 40 சதவீதம் வரை போகும்.

தமிழ்நாட்டில் இந்த வருமானத்தை நாடுகிறவர்களில் கல்யாண வீடியோகிராபர்களும் உண்டு. முகூர்த்தம் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் கேமரா, கிம்பல், ட்ரோன் எல்லாம் சும்மா கிடக்கும். மல்லிகைப்பூச் சந்தை, நாற்று நடவு, பொங்கல் பானை, வாசல் கோலம் என்று எடுத்துப் பதிவேற்றினால் நாலு காசு வரும். அதில் தப்பே இல்லை. ஆனால் இந்த வியாபாரத்தில் ஒரு விசேஷம் இருக்கிறது. ஒரே கிளிப்பை யார் வேண்டுமானாலும், எந்த நாட்டிலிருந்தும், எத்தனை முறை வேண்டுமானாலும் வாங்கலாம். வாங்குபவர் யார் என்று எடுத்தவருக்கே தெரியாது. நாற்று நடும் அக்காவின் முகம் உர விளம்பரத்துக்கும் போகலாம், கடன் செயலிக்கும் போகலாம், தேர்தல் பிரசாரத்துக்கும் போகலாம். நேரடி விளம்பரப் படத்தில் நடிப்பவருக்கு எந்தப் பொருளுக்காக நிற்கிறோம் என்பதாவது தெரியும். ஸ்டாக் கிளிப்பில் நிற்பவருக்கு அதுவும் தெரியாது. அதனால்தான் இங்கே எழுத்துபூர்வமான சம்மதம் இன்னும் அவசியமாகிறது.

ஏஜென்சிகள் காட்சிகளை இரண்டாகப் பிரிக்கின்றன. விளம்பரத்துக்குப் பயன்படக்கூடியது ‘கமர்ஷியல்’. அடையாளம் தெரியும் முகம் ஒன்று இருந்தாலும் அதற்குக் கையெழுத்து வேண்டும். செய்தி, ஆவணப்படம், கல்வி ஆகியவற்றுக்கு மட்டும் பயன்படுவது ‘எடிட்டோரியல்’. இதற்குக் கையெழுத்து வேண்டாம். ஆனால் எதையும் விற்க இதைப் பயன்படுத்தக் கூடாது. அலங்காநல்லூர் வாடிவாசலில் பாயும் காளையும் திமிலைப் பிடித்துத் தொங்கும் வீரரும் எடிட்டோரியல். அதே காட்சியை ஒரு மசாலா நிறுவனம் விளம்பரத்தில் வைத்தால், வீரரின் கையெழுத்து வேண்டும். அவர் பனியனில் இருக்கும் நிறுவனச் சின்னத்துக்கும் பதில் சொல்ல வேண்டும்.

மாவு விளம்பரத்தில் ஒரு முகம்

இந்தப் பிரச்சினை இணையத்தோடு பிறந்ததல்ல. நியூயார்க் மாநிலத்தில் ஒரு மாவு நிறுவனம், ஓர் இளம்பெண்ணின் படத்தை அவரைக் கேட்காமலேயே 25,000 விளம்பரத் தாள்களில் அச்சிட்டுக் கடைகளிலும் மதுக்கூடங்களிலும் ஒட்டியது. அந்தப் பெண் வழக்குப் போட்டார். அப்படி ஓர் உரிமையைச் சட்டம் அங்கீகரிக்கவில்லை என்று 1902இல் அந்த மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் 4-3 என்ற கணக்கில் கைவிரித்தது. மக்கள் கொதித்தார்கள். மறு ஆண்டே சட்டமன்றம் கூடி, ஒருவருடைய எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் அவர் பெயரையோ படத்தையோ விளம்பரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று சட்டம் இயற்றியது. சிறாராக இருந்தால் பெற்றோரோ காப்பாளரோ கையெழுத்திட வேண்டும் என்றது. இன்று அமெரிக்க ஏஜென்சிகள் நீட்டும் படிவங்களின் வேர் இங்கேதான் இருக்கிறது.

சட்டம் வந்து நூறு ஆண்டு கடந்தும் அதே நியூயார்க்கில் இன்னொரு சம்பவம் நடந்தது. இசை பற்றிய ஒரு பத்திரிகைக் கட்டுரைக்காக எடுத்த பெண்ணின் படம், கையெழுத்தில்லாமல் கெட்டி இமேஜஸ் தொகுப்புக்குள் போய்விட்டது. மாநில அரசின் மனித உரிமைத் துறை அதை வாங்கி, எச்ஐவி தொற்று உள்ளவர்களின் உரிமை குறித்த விளம்பரத்தில் 2013இல் வெளியிட்டது. அந்தப் பெண்ணுக்குத் தொற்று இல்லை. விளம்பரத்தின் நோக்கம் நல்லதுதான். ஆனால் நாளிதழில் முகத்தைப் பார்த்த தெரிந்தவர்களுக்கெல்லாம் அவர் விளக்கம் சொல்லும்படி ஆகிவிட்டது. வழக்கைத் தள்ளுபடி செய்யக் கோரிய ஏஜென்சியின் மனுவை நீதிமன்றம் ஏற்கவில்லை. பிறகு அது சமரசத்தில் முடிந்தது.

புகைப்படத்துக்கான உரிமமும் முகத்துக்கான சம்மதமும் வேறுவேறு என்பதற்கு 2007ஆம் ஆண்டின் ஆஸ்திரேலிய சம்பவம் போதும். அமெரிக்காவின் டெக்சாஸைச் சேர்ந்த ஒரு பதின்வயதுப் பெண்ணைத் தேவாலய இளைஞர் குழுவின் பொறுப்பாளர் படமெடுத்து, யாரும் பயன்படுத்தலாம் என்ற பொது உரிமத்தோடு இணையத்தில் போட்டார். விர்ஜின் மொபைல் நிறுவனம் அதை எடுத்து ஆஸ்திரேலியாவில் பேருந்து நிறுத்த விளம்பரமாக்கியது. அந்தப் பெண்ணைக் கிண்டல் செய்யும் தொனியில் வாசகமும் சேர்த்தது. படமெடுத்தவர் தன் படத்தைத் தானமாகக் கொடுக்கலாம். அடுத்தவர் முகத்தைக் கொடுக்க அவர் யார்? குடும்பம் டெக்சாஸில் வழக்குத் தொடுத்தது. ஆஸ்திரேலிய நிறுவனத்தை விசாரிக்கத் தனக்கு அதிகார வரம்பு இல்லை என்று நீதிமன்றம் 2009இல் சொல்லிவிட்டது. படம் கடல் கடக்க ஒரு நொடி போதும். நீதி கடல் கடப்பது அவ்வளவு சுலபமல்ல.

நம் சட்டம் சொல்வது

இந்தியாவில் நியூயார்க்கைப் போல இதற்கென்றே தனிச் சட்டம் இல்லை. ஆனால் உரிமை இருக்கிறது. அந்த உரிமையைத் தெளிவாகச் சொன்ன வழக்கு தமிழ்நாட்டிலிருந்து போனது. கொலைக் குற்றவாளி ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை ‘நக்கீரன்’ பத்திரிகை வெளியிடுவது தொடர்பான ராஜகோபால் வழக்கில் 1994இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பத்திரிகைச் சுதந்திரத்துக்கான தீர்ப்பு என்றே பலரும் அதை நினைவில் வைத்திருக்கிறோம். அதே தீர்ப்புதான், ஒருவரின் பெயரையோ உருவத்தையோ சம்மதமின்றி விளம்பரத்துக்கோ வேறு காரியத்துக்கோ பயன்படுத்துவது அந்தரங்க உரிமையை மீறுவதாகும் என்றும் சொன்னது. 2017இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமையாகவே உறுதிசெய்தது.

நடைமுறையில் இந்த உரிமையோடு நீதிமன்றப் படி ஏறி வென்றவர்கள் பெரும்பாலும் நட்சத்திரங்கள். 2015இல் ரஜினிகாந்த் சென்னை உயர் நீதிமன்றத்தில் தன் பெயரையும் பாணியையும் அனுமதியின்றிப் பயன்படுத்தத் தடை வாங்கினார். அமிதாப் பச்சனும் அனில் கபூரும் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வாங்கினார்கள். நட்சத்திரத்தின் முகத்துக்குச் சந்தையில் விலை உண்டு, வழக்கறிஞர்களும் உண்டு. கீரை விற்கும் அம்மாவுக்கு இரண்டும் இல்லை. தன் முகம் எங்கே ஓடிக்கொண்டிருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது.

கல்யாண வீடியோ எடுப்பவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு விதியும் இருக்கிறது. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவுப்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கும் படத்துக்கும், வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில், பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர். அதாவது, தாலி கட்டும் காட்சியையும் மெகந்தி வைத்த கைகளையும் கிளிப்பாக வெட்டி விற்க வேண்டுமானால், முகம் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், கல்யாண வீட்டாரிடம் எழுதி வாங்கியிருக்க வேண்டும். அட்வான்ஸ் ரசீதில் போன் நம்பரும் மண்டபத்தின் பெயரும் மட்டுமே இருந்தால், விற்கும் உரிமை கேமராக்காரர் கையில் இல்லை.

காசிமேட்டில் இருபது நொடி

விடியற்காலையில் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் இருபது நொடி எடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். முன்னால் வஞ்சிரத்தை எடை போடும் பெண்மணி. அவருக்குப் பின்னால் ஐஸ் பெட்டி சுமக்கும் இளைஞர். தோளில் பச்சை குத்தியிருக்கிறார். ஓரமாக விசைப்படகு ஒன்று, பெயரும் பதிவு எண்ணும் பளிச்சென்று. சுவரில் புதுப்படப் போஸ்டர். யாரோ போட்டிருக்கும் டி-சர்ட்டில் ஒரு ஷூ நிறுவனத்தின் சின்னம். எங்கிருந்தோ ஒரு செல்போனில் இளையராஜா பாட்டு.

கமர்ஷியலாக விற்க வேண்டுமானால் இந்த இருபது நொடிக்கு என்னென்ன வேண்டும்? மீன் விற்கும் பெண்ணின் கையெழுத்து, இளைஞரின் கையெழுத்து. பச்சை குத்திய ஓவியம் தனித்துத் தெரிந்தால் அதை வரைந்தவரின் அனுமதியைச் சில ஏஜென்சிகள் கேட்கும். ‘தி ஹேங்ஓவர் 2’ படத்தில் மைக் டைசனின் முகத்தில் இருக்கும் பச்சைக் கோலத்தை நகலெடுத்ததற்காக, அதை வரைந்த கலைஞர் 2011இல் வார்னர் பிரதர்ஸ் மீது வழக்குப் போட்ட கதை ஏஜென்சிகளுக்கு மறக்காது. படகு அடையாளம் தெரிந்தால் அதன் உரிமையாளரின் கையெழுத்து. போஸ்டரும் சின்னமும் மங்கலாக்கப்பட வேண்டும் அல்லது கோணத்தையே மாற்ற வேண்டும். பாட்டு இருக்கும் ஒலித்தடத்தை நீக்க வேண்டும். முகம் தெரியவில்லை, முதுகுதானே என்றும் தப்பிக்க முடியாது. நடை, உடை, இடத்தை வைத்து ஒருவர் தன்னை அடையாளம் சொல்ல முடியுமானால் கையெழுத்து கேட்பார்கள்.

கட்டிடங்களின் கதை இன்னும் சுவாரசியமானது. ஈபிள் கோபுரத்தைப் பகலில் எடுத்தால் பிரச்சினை இல்லை. குஸ்தாவ் ஈபிள் இறந்தது 1923இல். கோபுரத்தின் பதிப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. இரவில் மின்னும் விளக்கு அலங்காரம் பிற்காலப் படைப்பு என்பதால், அதற்கு உரிமை கோருகிறது கோபுரத்தை நிர்வகிக்கும் நிறுவனம். மும்பை தாஜ்மகால் பேலஸ் ஓட்டல் 2017இல் தன் கட்டிடத் தோற்றத்தையே வணிகச் சின்னமாகப் பதிவுசெய்துகொண்டது. இந்தியாவில் ஒரு கட்டிடம் அப்படிப் பதிவானது அதுதான் முதல் முறை. நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, பொது இடத்தில் நிரந்தரமாக இருக்கும் கலைப்படைப்புகளைப் படத்தில் சேர்ப்பதை உரிமை மீறலாகக் கருதவில்லை. இந்த விஷயத்தில் நம் சட்டம் தாராளமானதுதான். ஆனால் கிளிப் பல நாடுகளில் விற்கப்படுவதால் ஏஜென்சிகள் கறாரான சட்டத்தையே அளவுகோலாக வைத்துக்கொள்கின்றன. தஞ்சைப் பெரிய கோயில் ஆயிரம் ஆண்டு பழமையானது, பதிப்புரிமைச் சிக்கல் இல்லை. ஆனாலும் தொல்லியல் துறையின் அனுமதியில்லாமல் வணிகப் படப்பிடிப்பு நடத்த முடியாது. உரிமை வேறு, அனுமதி வேறு.

காரைக்குடிப் பக்கத்துச் செட்டிநாட்டு வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். பர்மா தேக்குத் தூண்களும் ஆத்தங்குடிக் கற்களும் கேமராவுக்குக் கொள்ளை அழகு. வீட்டைக் காக்கும் வாட்ச்மேன் திறந்துவிடுவார்; கேட்டால் கையெழுத்தும் போட்டுக் கொடுப்பார். அந்தத் தாளுக்கு மதிப்பில்லை. அப்படிப்பட்ட வீடுகள் பலவும் பங்காளிகள் பலருக்குப் பொதுச் சொத்து. ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் அமெரிக்காவில் இருப்பார். யார் கையெழுத்திட உரிமை உள்ளவர் என்று விசாரிப்பதே ப்ராப்பர்ட்டி ரிலீஸின் பாதி வேலை. குழந்தைகள் விஷயத்திலும் இதே கதைதான். பள்ளித் தலைமையாசிரியரின் கையெழுத்து, பெற்றோரின் கையெழுத்துக்கு ஈடாகாது. பராமரிப்பு தேவைப்படும் குழந்தைகளின் அடையாளத்தை ஊடகங்களில் வெளியிடுவதையே 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆவது பிரிவு தடை செய்கிறது. காப்பகச் சிறுவர்களின் சிரிப்பை ‘நம்பிக்கை’ என்று தலைப்பிட்டு விற்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

படிவம் யாருக்குக் காவல்?

‘பொது இடம்தானே, யாரும் எடுக்கலாமே’ என்பது முதல் எதிர்வாதம். எடுக்கலாம். தெருவைப் படமெடுக்கும் சுதந்திரம் பத்திரிகைக்கும் கலைக்கும் உயிர்நாடி. அதில் கைவைக்கக் கூடாது. நியூயார்க் தெருவில் நடந்துபோனவர்களை அவர்கள் அறியாமல் எடுத்த பிலிப் லோர்கா டிகோர்சியாவின் படங்கள் குறித்த வழக்கில், அது கலை என்று சொல்லி 2006இல் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. எடுப்பதிலும் காட்சிக்கு வைப்பதிலும் உள்ள இந்தச் சுதந்திரம், அந்த முகத்தை வைத்துச் சோப்பு விற்பதற்கு நீளாது.

‘எல்லாரிடமும் கையெழுத்து கேட்டால் தொழில் நடக்குமா’ என்பது அடுத்தது. நடக்கும். கூட்டத்தில் தூரத்து முகங்களுக்கு யாரும் கேட்பதில்லை. கேட்க முடியாத இடத்தில் எடிட்டோரியலாக விற்கலாம். ஒரு நாள் படப்பிடிப்புக்கு ட்ரோன் வாடகை, பெட்ரோல், சாப்பாடு என்று கணக்குப் போடுகிறவர்கள், முகம் தருகிறவருக்கும் ஒரு தொகையைச் சேர்த்துக்கொள்ளட்டும். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 25ஆவது பிரிவுப்படி, சில விலக்குகள் தவிர, பிரதிபலன் இல்லாத ஒப்பந்தம் செல்லாது. பணம் கொடுத்து அதைத் தாளில் எழுதுவது தர்மம் மட்டுமல்ல, எடுப்பவருக்கே பாதுகாப்பு.

மூன்றாவது சிக்கல் படிவத்திலேயே இருக்கிறது. வழக்கமான மாடல் ரிலீஸ் ஆங்கிலத்தில் இருக்கும். உலகம் முழுவதும், எக்காலத்துக்கும், எந்த ஊடகத்திலும் பயன்படுத்தலாம், சம்மதத்தைத் திரும்பப் பெற முடியாது, வழக்குப் போடவும் மாட்டேன் என்றெல்லாம் அதில் வாசகங்கள் உண்டு. ஏஜென்சிக்கும் எடுப்பவருக்கும் அது நல்ல காவல். கையெழுத்துப் போடுபவருக்கு? புரியாத மொழியில், காலவரையின்றி, பெரும்பாலும் ஒரு டீ வாங்கிக் கொடுத்த மரியாதைக்காக அவர் எழுதிக் கொடுத்துவிடுகிறார். விற்பனையில் எடுத்தவருக்கு 35 சதவீதம் வரலாம். முகத்துக்குச் சொந்தக்காரருக்கு எதுவும் வருவதில்லை.

செயற்கை நுண்ணறிவு வந்தபின் இது இன்னும் கூர்மையாகியிருக்கிறது. ஷட்டர்ஸ்டாக் 2021 முதல் ஓப்பன்ஏஐ நிறுவனத்துக்குப் பயிற்சித் தரவு தருகிறது. 2023இல் அந்த ஒப்பந்தம் ஆறு ஆண்டுகளுக்கு விரிந்தது. கெட்டி இமேஜஸ் 2022இல் தன் மாடல் ரிலீஸ் படிவத்தையே மாற்றி, முகம் போன்ற உடற்கூறு சார்ந்த தரவுகள் குறித்த வாசகங்களைச் சேர்த்தது. பழைய படிவம் போதாது என்று ஏஜென்சியே ஒப்புக்கொண்டதாகத்தானே இதற்கு அர்த்தம்? 2012இல் வயல் வரப்பில் நின்று கையெழுத்திட்டவர், தன் முகம் ஒரு நாள் இயந்திரத்துக்குப் பாடமாகும் என்று எப்படி நினைத்திருப்பார்?

அரசு முதலில் திருந்தட்டும்

சம்மதமில்லாத முகத்தின் பெரிய வாடிக்கையாளர் சோப்புக் கம்பெனி என்று நினைத்தால் தவறு. 2020 டிசம்பரில் வேளாண் சட்டங்களுக்கு ஆதரவாகப் பஞ்சாப் பாஜக வெளியிட்ட விளம்பரத்தில் மகிழ்ச்சியோடு நின்ற விவசாயி, அதே நேரத்தில் டெல்லியின் சிங்கு எல்லையில் அந்தச் சட்டங்களை எதிர்க்கும் போராட்டத்தில் இருந்தார். 2021 பிப்ரவரியில் பிரதமர் வீட்டு வசதித் திட்ட விளம்பரத்தில் வீடு கிடைத்த பயனாளியாகக் காட்டப்பட்ட கொல்கத்தாப் பெண் ஒரு சிறிய வாடகை அறையில் குடியிருந்தார். தன்னை எப்போது படமெடுத்தார்கள் என்றே தெரியாது என்றார். பம்பாய் வழக்கில் காங்கிரஸும் இருக்கிறது, வெவ்வேறு கட்சிகள் ஆளும் மாநில அரசுகளும் இருக்கின்றன. இதில் கட்சி பேதமே இல்லை. ஏஜென்சிகளின் உரிம விதிகளே ஒருவரை அரசியல் ஆதரவாளராகவோ நோயாளியாகவோ சித்தரிப்பதற்குக் கட்டுப்பாடு விதிக்கின்றன. வாங்குபவர்கள் அந்த விதியைப் படிப்பதில்லை.

எனவே தமிழக அரசின் செய்தி மக்கள் தொடர்புத் துறை ஒரு முன்மாதிரி வைக்கலாம். அரசு விளம்பரத்தில் வரும் அடையாளம் தெரிந்த ஒவ்வொரு முகத்துக்கும் சம்மதக் கடிதம் கோப்பில் இருக்க வேண்டும், பயனாளி என்று காட்டினால் அவர் உண்மையான பயனாளியாகவே இருக்க வேண்டும் என்று உத்தரவிட ஓர் அரசாணை போதும். விளம்பர நிறுவனங்களின் பில்லோடு அந்தக் கடிதத்தின் நகலையும் கேட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

வீடியோகிராபர் சங்கங்கள் தமிழில் ஒரு படிவம் தயாரிக்கட்டும். எந்தெந்தப் பயன்பாட்டுக்குச் சம்மதமில்லை என்று குறிக்க அதில் கட்டங்கள் வேண்டும்: அரசியல், மது, புகையிலை, நோய், செயற்கை நுண்ணறிவுப் பயிற்சி. கொடுத்த தொகையை எழுதும் இடம் வேண்டும். எடுத்தவரின் பெயரும் போன் நம்பரும் கொண்ட ஒரு நகல், கையெழுத்துப் போட்டவர் கையில் இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டிச் சாட்சியோடு கைநாட்டு வாங்கும் வழக்கம் நம் பத்திரம் எழுதுவோரிடம் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. சதுர அடி நிலத்துக்குக் காட்டும் அந்த அக்கறையை ஒரு மனிதரின் முகத்துக்கும் காட்டினால் போதும்.

வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் வாசலிலோ வயலிலோ கடையிலோ கேமராவோடு யாராவது வந்து நின்றால், சிரிப்பதற்கு முன் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: இதை எங்கே விற்கப்போகிறீர்கள்? எனக்கு எழுதிக் கொடுப்பீர்களா? பதில் சொல்லத் தயங்குபவருக்கு முகத்தைக் கொடுக்காதீர்கள்.